நீலக் கை பட்ட முரசு

முன்னொரு காலத்தில், கண்ணுகளா, காதை மட்டும் வைத்துக்கொண்டு நாடாண்ட ராஜா ஒருவர் இருந்தார். ஊரைச் சுற்றிப் பார்த்தால் அவருக்குக் கால் வலிக்கும். அதனால் தெருவுக்கொரு முரசு கட்டித் தொங்கவிட்டிருந்தார். பொருளைப் பறிகொடுத்தவர் போய் முரசை அடிக்க வேண்டும். ராஜா மேல்மாடத்தில் சாய்ந்தபடி கேட்பார். எந்தத் தெரு முரசு அதிகம் ஒலிக்கிறதோ, அங்கேதான் திருடர் அதிகம் என்று முடிவு கட்டிவிடுவார்.

சாயக்காரத் தெரு முரசு ஓயவே ஓயாது. காவல் தலைவர் கருடமூர்த்தியின் வீட்டு வாசலில் தொங்கிய கோட்டைத் தெரு முரசோ வாயையே திறக்காது.

ஒருநாள் சபையில் கருடமூர்த்தி எழுந்து வணங்கினார். "அரசே, சாயக்காரத் தெரு திருடர் கூடாரமாகிவிட்டது. அதை இடித்துவிட்டால் நகரம் நிம்மதியாக உறங்கும். அந்த இடத்தில் நம் குதிரைகளுக்கு லாயம் கட்டிக்கொள்ளலாம்."

சபையின் மூலையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சிரித்தவன் விகடகவி உலகளந்தான். பெயர்தான் பெரிசு, அவன் எழுந்து நின்றாலும் உட்கார்ந்திருக்கிறான் என்றே எல்லாரும் நினைப்பார்கள்.

"எதற்குச் சிரிக்கிறாய்?" என்றார் ராஜா.

"குதிரைகளை நினைத்தேன் அரசே. திருடர் கூடாரத்தில் கொண்டுபோய்க் கட்டினால் அவை என்ன கதியாகும்?"

ராஜாவின் மீசை துடித்தது. கருடமூர்த்திக்கு அது போதும். "இவ்வளவு கெட்டிக்காரர் இருக்கையில் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் அரசே? அந்த முரசை இவரே அடக்கிக் காட்டட்டும்."

"நல்லது," என்றார் ராஜா. "உலகளந்தா, நாளை முதல் அமாவாசை வரை சாயக்காரத் தெரு முரசு அந்தத் தெருவில் ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் தெருவை இடிப்போம். நீயும் அவர்களோடு ஊரைவிட்டுப் போகலாம்."

உலகளந்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கோட்டைத் தெரு வழியாக நடந்தான். எவனோ ஒருவன் பின்னால் வந்து தலைப்பாகையை உருவிக்கொண்டு ஓடினான். உலகளந்தான் முரசிடம் ஓடி ஓங்கி ஒரு அடி அடித்தான். 'தொப்' என்றது. இன்னொரு அடி. மறுபடியும் 'தொப்'.

வெற்றிலைக் கடைக்காரர் கடையிலிருந்தே எட்டிப் பார்த்தார். "கையை நோகடிச்சுக்காதீங்க சாமி. என் பித்தளைக் குடம் போனப்ப நானும் அடிச்சேன். ஈ கூடத் திரும்பிப் பார்க்கலே. இந்தத் தெருவுல எல்லாரும் எதையாவது தொலைச்சுட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கோம்."

முரசுத் தோலை இழுத்துக் கட்டிய வாரின் இடுக்கில் உலகளந்தான் கண்ணை வைத்துப் பார்த்தான். உள்ளே தேங்காய் நார் திணித்துக் கிடந்தது. போன தலைப்பாகையை அந்த நிமிடமே மறந்துவிட்டான்.

நேரே சாயக்காரத் தெருவுக்குப் போனான். அங்கே அவுரித் தொட்டியில் துணி முக்கிக்கொண்டிருந்தாள் பூவாத்தா. முழங்கை வரை நீலம். கணவன் இறந்த பிறகு அந்தத் தொட்டியை வைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தாள். செய்தியைக் கேட்டதும் துணி கையிலிருந்து நழுவியது.

"தொட்டிய எங்கே தூக்கிட்டுப் போவேன்? மண்ணோட மண்ணாப் பதிச்சது. ஏஞ்சாமி, நீங்க கொஞ்சம் சிரிக்காம இருந்திருக்கக் கூடாதா?"

"சிரிச்சுத் தொலைச்சுட்டேன் தாயே. சாயத்துணி ஏத்துற வண்டி ஒண்ணு குடு. கூடவே உங்க முரசையும் குடு."

மறுநாள் விடிந்ததும் ஈரத்துணிக்கு அடியில் முரசை ஒளித்துக்கொண்டு வண்டி கோட்டைத் தெருவுக்குப் போனது. அங்கிருந்த முரசைக் கழற்றி வண்டியில் போட்டு, கொண்டுபோன முரசை அங்கே மாட்டினார்கள். கழற்றி வந்ததைச் சாயக்காரத் தெருவில் தொங்கவிட்டார்கள். காவல் வீரர்கள் தடுக்கவில்லையா என்கிறீர்களா? ஒலிக்காத முரசுக்கு எவன் காவல் நிற்பான்?

அன்று உச்சிவேளையில் ராஜா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சாயக்காரத் தெருப் பக்கம் அமைதி. கோட்டைத் தெருப் பக்கத்திலிருந்து 'திடும்' என்று ஒரு சத்தம். வெற்றிலைக் கடைக்காரர் ஆத்திரத்தில் சும்மா ஒரு அடி அடித்திருக்கிறார். முரசு முழங்கியதைக் கேட்டு அவரே நடுங்கிப் போனார். பிறகு தெருவே வரிசையில் வந்து நின்றது. ஓலைப்பெட்டி போனவர் அடித்தார், கறவை மாடு போனவர் அடித்தார், புது மாப்பிள்ளை தொலைந்த செருப்புக்காக அடித்தார். பொழுது சாயும் வரை முரசு நிற்கவில்லை. ராஜாவின் மாடமே அதிர்ந்தது.

"இரண்டு முரசையும் சபைக்குக் கொண்டு வாருங்கள்," என்றார் ராஜா.

சாயக்காரத் தெருவில் தொங்கியதை உலகளந்தான் அடித்தான். 'தொப்'. தோலைக் கிழித்தான். நார் பொலபொலவென்று கொட்டியது.

"அரசே, முரசின் வாயை அடைத்தவனுக்கு என்ன தண்டனை?"

கருடமூர்த்தி முந்திக்கொண்டார். "இது சாயக்காரர் சூழ்ச்சி அரசே. அடைத்தவன் எவனோ, அவன் ஓராண்டு முரசின் கீழேயே உட்காரட்டும். அது ஒலிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் திருடனைப் பிடிக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

உலகளந்தான் கோட்டைத் தெருவிலிருந்து வந்த முரசைத் திருப்பிக் காட்டினான். தோல் முழுக்க நீலக் கைத்தடங்கள். பெரிய கை, சின்னக் கை, வளையல் உரசிய தடம். "சாயக்காரர் கை பட்ட முரசு இதுதான் அரசே. நார் அடைத்த அந்த முரசில் நீலப் பொட்டு ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். அது காவல் தலைவர் வீட்டு வாசலில் தொங்கியது. தாங்கள் சொன்னபடி சாயக்காரத் தெரு முரசு அந்தத் தெருவில் ஒலிக்கவில்லை. வேறு தெருவில் ஒலிக்கக் கூடாது என்று தாங்கள் சொல்லவில்லையே."

தம் தெருத் திருட்டு ராஜாவின் காதுக்கு எட்டாதிருக்க நாரைத் திணித்த கருடமூர்த்தி காலில் விழுந்தார். ராஜா முரசைப் பார்த்தார். "ஆனால் இந்த முரசு முன்பு ஓயாமல் ஒலித்ததே. அது ஏன்?"

பூவாத்தா முன்னால் வந்தாள். "கோழியக் காணோம்னா அடிப்போம் மகாராசா. புள்ளையக் காணோம்னா அடிப்போம். அடிச்சா தெருவே போட்டது போட்டபடி ஓடியாரும். களவாட வந்தவன் அந்தக் கூட்டத்தப் பார்த்தாலே ஓடிருவான். காணாமப் போனது கெடைச்சுட்டா, எல்லாரும் தேடுறத நிறுத்தணுமில்ல? அதுக்கும் ஒரு தடவ அடிப்போம்."

"கிடைத்ததற்குமா?" ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கிடைத்த கோழிகளையெல்லாம் திருட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டேனே."

தொட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று ஆணையிட்டார். தம் முத்துமாலையைக் கழற்றி உலகளந்தானுக்குப் போட்டார். அது அவன் முழங்கால் வரை தொங்கியது. கருடமூர்த்தி தாமே சொன்ன தண்டனைக்குக் கோட்டைத் தெரு முரசின் கீழே போய் உட்கார்ந்தார்.

அரண்மனை வாசலிலும் ஒரு முரசு கட்டினார்கள். அடித்தால் யாராவது வருவார்களா என்று பார்க்க ராஜாவே ஓங்கி அடித்தார். காவல் வீரர்கள் கச்சையைக் கட்டி முடிப்பதற்குள் சாயக்காரத் தெருவே நீலக் கைகளோடு வாசலில் வந்து நின்றது.

"என்ன காணோம் மகாராசா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள் பூவாத்தா.

"என் கண்ணைத்தான் அம்மா. இவ்வளவு நாளும் காணோம். இப்போது கிடைத்துவிட்டது."

"கெடைச்சுட்டா இன்னொரு தடவ அடிக்கணும் சாமி."

ராஜா சிரித்துக்கொண்டே அடித்தார். அந்தச் சத்தம் ஊர் எல்லை வரை கேட்டதாம், கண்ணுகளா. கேட்டவர்களெல்லாம் நல்லபடியாக இருந்தார்கள். நீங்களும் அப்படியே இருங்கள்.