செட்டு சுமக்கும் மூட்டைகள்

அந்தக் காலத்தில் சொற்களுக்கும் கை, கால், வாய் எல்லாம் இருந்தன. தினமும் காலையில் பஸ் ஏறி மனிதர்களிடம் வேலைக்குப் போகும். அந்தக் காலத்தில் பஸ் ஏது என்று கேட்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஒரு சொல்லுக்கு ஒரு மூட்டை. அதற்குள்தான் அதன் அர்த்தம் இருக்கும். மூட்டை தரையில் விழுந்தால் அர்த்தம் செத்துவிடும். கையில் மூட்டை இல்லாத சொல்லைக் கடைசி ஸ்டாப்பான நாக்குநுனியில் இறக்கிவிட மாட்டார்கள். அது பஸ்ஸிலேயே கரைந்து காணாமல் போகவேண்டியதுதான்.

கப்பலில் வந்த இங்கிலீஷ் சொல்லான செட்டுக்கு அன்றுதான் முதல் நாள். எடுத்த சாமானை அதன் இடத்தில் வைப்பது, அவ்வளவுதான் அவன் மூட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

நம் ஊர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் மடி நிற்பவர்களுக்குச் சொந்தம். பாவம், அவனுக்கு அது தெரியாது.

"தம்பி, இதக் கொஞ்சம் புடிச்சுக்கப்பா" என்று பொருத்தம் அக்கா தன் மூட்டையைக் கொடுத்தாள். அவளைப் பார்த்து ஜதை அண்ணனும் கொடுத்தான். கூட்டாளி என்ற அர்த்தத்தைச் சுமக்கும் சேக்காளி கேட்கவே இல்லை. மேலே போட்டுவிட்டு அரட்டையில் இறங்கிவிட்டான். செட்டு மூன்றையும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். அவனுடையது முழங்காலுக்கு நகர்ந்துவிட்டது.

திடீரென்று ஓர் எருமை குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் ஒருபக்கம் சாய, முழங்காலில் இருந்த மூட்டை எகிறி ஜன்னல் வழியே வெளியே போய் விழுந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ரோட்டில் வெறும் துணிதான் கிடந்தது. இத்தனை காலத்தில் ஓர் அர்த்தம் கண்ணெதிரே சாவதை யாரும் பார்த்ததில்லை.

"ஏலே, எட்டிப் புடிச்சிருக்கலாமுல்ல!" என்று சேக்காளி கத்தினான்.

"கையில உங்களோடது இருந்துச்சேண்ணே" என்றான் செட்டு. அவன் இன்னும் மூன்று மூட்டைகளையும் விடவில்லை.

கண்டக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "நாக்குநுனி வரப்போகுது. அவங்கவங்க மூட்டைய வாங்கிக்குங்க. தம்பி, ஒன்ன எறக்க முடியாதுப்பா."

செட்டின் கால்கள் அதற்குள் மங்கத் தொடங்கிவிட்டன.

பொருத்தம் அக்கா கை நீட்டினாள். அவள் ஒன்றும் பெரிய தர்மப்பிரபு அல்ல. கறிவேப்பிலையைக்கூட எண்ணித்தான் கொடுப்பாள். ஆனால் மூட்டைகளை இன்னும் விடாத அந்தக் கைகளைப் பார்த்ததும் அவள் நீட்டிய கை பாதியில் நின்றது. மூட்டையை அவிழ்த்துக் கல்யாணப் பொருத்தத்தை மட்டும் ஒரு கைப்பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எனக்கு இது போதும். மிச்சத்த நீ வச்சுக்கடா."

"அக்கா, அப்புறம் ஒன்ன யாரு கூப்பிடுவா?" என்று பதறினான் ஜதை.

"கூப்பிடாட்டிப் போறாங்க. நம்ம மூட்டையால போற உசுருடா அது!"

ஜதை ஒரு ஜதை மாட்டை மட்டும் எடுத்துக்கொண்டான். சேக்காளி எதையும் எடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்; இப்போது அவன் கால்கள் மங்கத் தொடங்கின. நாக்குநுனியில் செட்டு மூன்று மூட்டைகளோடு இறங்கினான்.

அன்று முதல்தான் தட்டில் தோசைகள் சேர்ந்து வந்தாலும் செட்டு, நாலு பேர் கூடித் திரிந்தாலும் செட்டு, மனசு ஒத்துவராவிட்டால் 'செட் ஆகல' என்று எதற்கெடுத்தாலும் அவனையே கூப்பிடுகிறோம். ஒரு சாமானை எடுத்து அதன் இடத்தில் வைக்க மட்டும் நம் ஊரில் அவனை ஒருவரும் கூப்பிடுவதில்லை.