கல்யானையின் தந்தம் நனைந்த வருடம்

வெகு காலத்துக்கு முன்பு, தலைக்கு மேலே பனிமலையும் காலடியில் வெள்ளியாறுமாகக் கிடந்த ஒரு நாட்டை இமகேது என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் யாராவது புகழ ஆரம்பித்தால் அவனுக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. படித்துறையில் ஒரு கல்யானை நின்றது. கோடையில் பனி உருகி ஆறு பெருகும்போது தண்ணீர் யானையின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்த்து, அதற்கேற்பப் புது நிலத்தைப் பயிருக்குத் திறப்பார்கள். முன்னோர் காலத்தில் அது பாதத்தைத் தாண்டியதில்லை. இமகேதுவின் ஆட்சியில் முழங்காலுக்கு வந்தது, வயிற்றுக்கு ஏறியது, அந்த வருடம் தந்தத்தையே நனைத்துவிட்டது. ஊரே கூத்தாடியது.

எல்லாம் மகாராஜாவின் ராசி என்றான் பிங்கலன். அவையில் அவனுக்கிருந்த ஒரே வேலை அமைச்சர் விதுலர்மீது பொறாமைப்படுவது. அவன் யோசனைப்படி ராஜா வறண்ட கீழைச் சமவெளிக்குக் கால்வாய் வெட்டி, மலையடிவாரக் குடிகளை அங்கே போய்ப் பயிரிடச் சொன்னான்.

விதுலர் தடுத்தார். வெயில் வருடா வருடம் ஏறுகிறது, புதுப் பனி சரியாக விழுவதில்லை, பழைய பனிதான் கரைந்து வருகிறது, அது தீர்ந்தால் அந்தக் குடிகள் கதி என்ன என்று கேட்டார். அமைச்சருக்கு உங்கள் புகழ் பொறுக்கவில்லை என்று பிங்கலன் காதில் ஓதினான். அந்தக் கோடையில் வரும் ஆற்று விழாவுக்குள் இதை மெய்ப்பிக்காவிட்டால் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று ராஜா சொல்லிவிட்டான்.

விதுலர் கேட்டது பனியறையின் சாவியை மட்டும். குளிர்காலத்தில் மலையிலிருந்து பனிக்கட்டி கொண்டுவந்து உமியால் மூடிவைக்கும், தோட்டத்து மேட்டில் குடைந்த அறை அது. பனிக்கட்டி போட்ட பானகம் இல்லாமல் ராஜாவுக்குக் கோடை நகராது.

சில நாளில் அரண்மனைத் தோட்டத்தில் சில்லென்று ஓர் ஓடை ஓடியது. ராஜா அதில் காலை நனைத்துப் பூரித்துப்போனான். இதுவும் தங்கள் ராசிதான் என்ற பிங்கலன், ஓடைக் கரையில் புதிதாக மல்லிகைப் பந்தலும் போட்டான். ஓடை நாளுக்கு நாள் பெருகியது.

விழா நாள் வந்தது. அனல் பறந்தது. ராஜா பானகம் கேட்டான். வெதுவெதுப்பாக வந்தது.

"பனிக்கட்டி எங்கே?"

"பனியறைக் கதவைத் திறந்து, உமியை அள்ளிவிட்டேன், அரசே. தாங்கள் கால் நனைத்த ஓடை அதுதான். அது நிறைய ஓடிய அன்றே அறை காலியாகிக்கொண்டிருந்தது."

ராஜா உப்பரிகைக்குப் போய் மலையைப் பார்த்தான். வெள்ளையாக இருந்த இடமெல்லாம் கறுப்புப் பாறையாகத் தெரிந்தது. இத்தனை நாள் தினமும் பார்த்த மலைதான். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"கதவைச் சாத்துங்கள், விதுலரே."

"பனியறைக்குக் கதவு இருக்கிறது, அரசே. மலைக்கு இல்லை."

பிங்கலன் மெல்ல நழுவப் பார்த்தான். அவனையே ராஜா கூப்பிட்டு, கால்வாயின் கடைசியில் அவனுக்கு நிலம் கொடுத்து, அங்கேயே போய்ப் பிழைத்துக்கொள்ளச் சொன்னான். அவை சிரித்தது. விதுலருக்கு முத்துமாலை வந்தது. அவர் அதைத் தொடவில்லை. குடிகளைத் திரும்ப அழையுங்கள் என்றார்.

குதிரையில் ஆள் பறந்தான். ஆனால் அந்தக் குடிகள் மலையடிவாரத்தில் ஆட்டையும் வீட்டையும் விற்றுவிட்டுப் போனவர்கள். கால்வாயில் தண்ணீர் கரைபுரள, நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தண்ணீரை விட்டுவிட்டு வரச் சொல்கிறாயே என்று அவனைக் கேலி செய்தார்கள். அவன் திரும்பும்போது, மகாராஜா நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தி, கால்வாய்த் தண்ணீரில் ஒரு மண்குடம் நிறைத்துக் கொடுத்தனுப்பினார்கள்.

ராஜா அந்தக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் இன்னும் சில்லென்று இருந்தது. அவன் குடிக்கவில்லை.