மூச்சு முட்டிய மிஷின்

“மிஷினைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு விட்டவங்க இந்தக் கூட்டத்துல யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு, இடுப்புக் குழந்தையை மடிக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாள் அஞ்சுகம்.

மகளிர் குழு மொத்தமும் கொட்டகை வாசலில் கூடியிருந்தது. பருத்திக் காட்டில் களை எடுக்க எல்லாரும் சேர்ந்து வாங்கிய சின்ன மிஷின், ஆயுத பூசைக்கு மறுநாளிலிருந்து எண்ணெயாய் ஒழுகிக்கொண்டிருந்தது. இன்று காலையில் அஞ்சுகம் அதை ஓட்டிக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. இனி மிஷின் யார் பொறுப்பு, கொட்டகைச் சாவி யார் இடுப்பில் என்பதுதான் பேச்சு. தவமணி தன் கொழுந்தனுக்குக் கேட்டாள். அஞ்சுகமோ அந்தச் சாவி மேல் உயிரையே வைத்திருந்தாள்.

எப்படிச் சரி பண்ணினாய் என்றுதான் தலைவி செல்லக்கிளி கேட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அரை நிமிஷக் கதைக்கு யார் சாவி கொடுப்பார்கள்?

ஒழுகின எண்ணெய் கொஞ்சமா நஞ்சமா, என்று ஆரம்பித்தாள் அஞ்சுகம். கொட்டகைக்குள் போன கோழி வழுக்கிக்கொண்டே போய்ச் சந்தையில், கோழிக்காரன் கூடைக்குள்தான் நின்றதாம். போகிற வழியில் அது போட்ட முட்டை, பின்னாலேயே துரத்திக்கொண்டு போனதாம். எண்ணெயில் நின்ற நாய் வாலை ஆட்டப் பார்த்தால், வால் அப்படியே நிற்க நாய் ஆடியதாம்.

“நாங்களும் இதே ஊர்லதான் இருக்கோம். எங்க நாய் ஆடலையே” என்றாள் தவமணி.

“உங்க வீட்டு நாய் என்னைக்கு எழுந்து நின்னுச்சு?”

மிஷின் பூராவும் எண்ணெய் அப்பிக் கிடந்தால் கசிவு எங்கே என்று எப்படித் தெரியும்? அதனால் சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, குழந்தையின் பவுடர் டப்பாவை எடுத்து மேலெல்லாம் தூவினாள். இதுவரைக்கும் உண்மைதான். வெள்ளை வெளேரென்று நின்ற மிஷினைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊர் டிராக்டர் ஒன்று மாலையும் கழுத்துமாக வந்து நின்றதாம். வைத்தியம் நடக்கிறது, தை மாதம் வாருங்கள் என்று அனுப்பி வைத்தாளாம்.

அப்புறம் ஓட்டிப் பார்த்ததில், அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தின் ஓரமாகப் பவுடரில் ஈரக்கோடு இறங்கியது. தவமணியின் கொழுந்தனாயிருந்தால் அங்கேயே வளையத்தை மாற்றியிருப்பான். ஆனால் வளையம் புதுசு மாதிரி இருந்தது. அப்படியானால் உள்ளேயிருந்து ஏதோ தள்ளுகிறது. கையால் மேலே தடவிக்கொண்டே போனாள். உள்ளே சேரும் காற்று வெளியேற ஒரு சின்ன ஓட்டை உண்டே, அதைக் காணோம். அதன் மேல் சந்தனம், அதன் மேல் சந்தனம், சுவர் பூசியதுபோல் காய்ந்து கிடந்தது. பொது மிஷின் அல்லவா? ஒருத்தி வைத்த பொட்டு இன்னொருத்திக்கு ஆகுமா? பூசையன்று ஆளுக்கொரு பொட்டு அதே இடத்தில் அப்பிவிட்டார்கள். மூச்சு விட வழியில்லாத மிஷின் எண்ணெயைக் கீழே தள்ளிவிட்டது.

அவரவர் தங்கள் விரலைப் பார்த்துக்கொண்டார்கள். செல்லக்கிளியின் கை சாவி முடிச்சுக்குப் போயிற்று. அஞ்சுகம் அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நின்றால்தானே?

கொண்டை ஊசியால் சந்தனத்தைக் குத்தி எடுத்ததும் மிஷின் ஒரு பெருமூச்சு விட்டதாம். கொடியில் காய்ந்த சேலைகள் பறந்து போய், பக்கத்து ஊர்க் கொடியில் கிளிப்போடு காய்ந்தனவாம். ஊரில் இருக்கிற தலையணைப் பஞ்செல்லாம் பிய்த்துக்கொண்டு மேலே போய்விட்டதாம். அஞ்சுகம் வானத்தைக் காட்டினாள். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள், தவமணியும்தான். வெள்ளையாக ஒரு மேகம் நின்றது.

“அது பெஞ்சா நூலாத்தான் பெய்யும். குடத்தைத் தூக்கிட்டு வராதீங்க, ராட்டையோட வாங்க.”

மிஷின் அவள் கையிலும் நிற்கவில்லையாம். நம் காட்டுக் களை, ரோட்டோரக் களை, அடுத்த மாவட்டத்துக் களை எல்லாம் தீர்ந்துபோய், வெறி அடங்காமல் ஆம்பளைகள் தலையிலிருந்து நரையை மட்டும் பொறுக்கிப் பிடுங்கியதாம்.

“அப்ப உன் வீட்டுக்காரர் தலையில மட்டும் ஏன் இன்னும் நரை இருக்கு?” என்று மடக்கினாள் தவமணி.

“அவரா? வேலை செய்யுற சத்தம் எங்க கேட்டாலும் அவர் அந்தப் பக்கமே இருக்க மாட்டாரே.”

தவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியதில் எல்லாம் தெரிந்துபோயிற்று. கொழுந்தன் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

செல்லக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியை அவிழ்த்து அஞ்சுகத்தின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

“சாவி உனக்குத்தான் அஞ்சுகம். ஒழுக்கை நிறுத்தினது நீதான், அதுல பொய் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மிஷினைக் காட்டுல இறக்குறப்ப உன் வாயை மட்டும் வரப்புலயே வச்சுட்டுப் போ தாயி.”