ஒரு படகு, இரண்டு நிழல்

அலையாத்திக் காட்டுக்குள் கடல்நீர் ஏறி இறங்கும் ஒரு கழி இருந்தது. அதில் வெட்டுவாலன் என்ற மொரண் கெண்டையும் அவன் தங்கை நீலமுதுகியும் வாழ்ந்துவந்தார்கள். மொரண் கெண்டைக்குத் தண்ணீர் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டுப் போக வேண்டும்.

ஒருநாள் காற்றுக் குடிக்கப் போன வெட்டுவாலன் நெடுநேரம் திரும்பவில்லை. நீலமுதுகி வேர்களுக்கிடையே காத்துக் கிடந்தாள். கடைசியில் வந்தான். உதட்டில் ரத்தம். முகத்தில் சிரிப்பு!

“அண்ணே! என்ன ஆச்சு?”

“வானத்தைத் தொட்டுட்டு வரேன்டி! படகிலே ஒரு மனுசன். குட்டி மீன் மாதிரி ஒண்ணை வீசினான். கவ்வினேன். உள்ளே தூண்டில் முள்ளு! அவன் இழுக்க, நான் துள்ள, ஒரே கூத்து! கடைசியிலே கையிலே ஏந்தி, முள்ளைக் கழட்டி, முதுகைத் தடவி, ‘போய் வா ராசா!’ன்னு விட்டுட்டான்!”

“தின்னலையா?”

“தின்னுறதுக்கா? பார்த்து ரசிக்கத்தான் பிடிச்சிருக்கான்!”

அன்றுமுதல் கெளுத்தி, மடவை என்று எதிர்ப்பட்ட எல்லோரிடமும் கிழிந்த உதட்டைக் காட்டினான். “இது காயமில்லை, பதக்கம்!”

மறுநாள் அவன் காற்றுக் குடிக்க மேலே வந்தபோது, கிளையிலிருந்த நாரை கூப்பிட்டது. “ஏ வெட்டுவாலா! நீ கவ்வினது குட்டி மீன் இல்லை. நான் உதிர்த்த இறகு! அதை முள்ளோடு சேர்த்து நூல் சுற்றினான். என் கண்ணாலே பார்த்தேன்!”

வெட்டுவாலன் கீழே போய், அடுத்த மூச்சுக்கு மேலே வந்து பதில் சொன்னான். “இறகோ இரையோ, விட்டுட்டானே!”

“அவன் விட்டான். உன் ரத்தம், கழியிலிருந்து இறங்குகிற தண்ணீரோடு கடலுக்குப் போச்சே! அங்கே சுறா...”

நாரை முடிப்பதற்குள் அவன் மூழ்கிவிட்டான்.

“சுறாவாம்!” என்று தங்கையிடம் சிரித்தான். “என் வேகத்துக்கு அவன் என் வாலைத் தொடுவானா?”

அது உண்மைதான். தெம்போடு இருக்கிற மொரண் கெண்டையை அந்தக் கழியில் எந்தச் சுறாவும் பிடித்ததில்லை.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் படகு வந்தது.

“வாடி, உனக்கும் ஒரு பதக்கம்!”

“வேணாம் அண்ணே. நீயும் போகாதே!”

“பயந்தாங்கொள்ளி! அப்ப இங்கேருந்தே பாரு!”

நீலமுதுகி வேர்களுக்குள்ளிருந்து பார்த்தாள். மணல் தரையில் படகின் நிழல் விழுந்திருந்தது. பக்கத்திலேயே இன்னொரு நிழல். படகின் நிழல் அலையோடு ஆடியது. மற்றது ஆடவே இல்லை.

“அண்ணே! படகு ஒண்ணு! நிழல் ரெண்டு!”

“பயத்திலே உனக்கு எல்லாம் ரெண்டாத்தான் தெரியும்!”

இந்த முறை இறகு என்று தெரிந்தேதான் கவ்வினான். நூல் விறைத்தது. துள்ளினான். தங்கை பார்க்கிறாளா என்று ஒவ்வொரு துள்ளலிலும் திரும்பிப் பார்த்தான். பத்தாவது துள்ளலில் விலா எரிந்தது. பிறகு துள்ள முடியவில்லை.

மனிதன் பதமாக முள்ளைக் கழற்றினான். செவுள் அசையும்வரை தண்ணீருக்குள்ளேயே ஏந்திக்கொண்டிருந்தான். “போய் வா ராசா!”

கை விலகியது.

வெட்டுவாலன் வாலை அடித்தான். வால் கேட்கவில்லை. அவனுடைய வேகமெல்லாம் அந்த நூலிலேயே தீர்ந்துபோயிருந்தது.

இரண்டாவது நிழல் அவசரமில்லாமல் மேலே எழுந்தது.

“உன்னைத் துரத்த எனக்கு வேகம் எதுக்குடா?” என்றது சுறா. “மேலே இருக்கிறவர்தான் உன்னை ஓட்டி ஓட்டிக் களைக்க வச்சிட்டாரே!”

தண்ணீர் சிவந்தது. பிறகு தெளிந்தது. படகில் மனிதன் ஈர இறகை உதறி, மறுபடி வீசத் தயாரானான்.

நீலமுதுகி வேரைவிட்டு அசையவில்லை. ஆனால் மூச்சு தீர்ந்துகொண்டே வந்தது. வேறு வழியில்லை. வேர்ச் சந்திலேயே மூக்கை மட்டும் வெளியே நீட்டினாள். நாரை அவளைப் பார்த்தது. அரை வாய்க் காற்றோடு அவள் கீழே இறங்கினாள்.

மணலில் அந்த இரண்டு நிழல்களும் அப்படியே இருந்தன.

பிடித்த கை விட்டுவிட்டது என்பதாலேயே ஆபத்தும் விட்டுவிட்டது என்று நம்புகிறவன், தன் முடிவைத் தானே தேடிப் போகிறான்.