கேட்காமல் போட்ட பாட்டு

ஏமாந்தவன் சும்மா இருந்தால் ஏய்க்கிறவனுக்கு நாள்தோறும் தீபாவளிதான். சாத்தூர் மைக்செட் சூசை சும்மா இருக்கிற ஆளில்லை. அவன் கேட்காத காலர் டியூன் ஒன்று செல்போனில் வந்து உட்கார்ந்துகொண்டு, போட்ட ரீசார்ஜை எல்லாம் தின்று ஏப்பம் விட்டது. கூப்பிட்ட கல்யாண வீட்டைத் திருப்பிக் கூப்பிட வழியில்லாமல் ஆர்டரும் போயிற்று.

செல்போன் கட்டணத்தைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி தில்லைநாயகி குறைகேட்க ஊருக்கு வந்தார். அந்தக் கூட்டத்துக்கு மைக்செட் கட்டும் வேலையைச் சூசை மல்லுக்கட்டி வாங்கினான். முறையிட எழுந்தவனைச் செல்போன் கம்பெனி மேனேஜர் கோகுலகண்ணன் மதிக்கவேயில்லை.

"வேண்டாம்னு நீ சொல்லலையேப்பா! சொல்லாட்டி சம்மதம்னுதான் அர்த்தம். போய் ஒக்காரு" என்றவர், மைக்கைப் பிடித்துக் கம்பெனிப் பெருமையை அளக்கத் தொடங்கினார்.

சூசை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அடுத்த நிமிடம் கூம்பு ஸ்பீக்கர்கள் காது கிழியக் குத்துப்பாட்டைக் கொட்டின.

"நிறுத்துடா!"

"நிறுத்தணும்னா ஒண்ணை அமுக்கணும் சார். அப்புறம் ஒம்போது. அப்புறம் லைன்ல காத்திருக்கணும். அதுவரைக்கும் வாடகை ஓடும்."

மேனேஜர் மேடை அதிரக் கத்தினார்: "யாரைக் கேட்டுடா பாட்டுப் போட்ட?"

சூசை பாட்டை நிறுத்தினான். "இதைக் கேக்கத்தான் சார் நானும் வந்தேன். நீங்களே கேட்டுட்டீங்க. பதிலையும் நீங்களே சொல்லிருங்க!"

தில்லைநாயகி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். சிரித்து முடித்ததும் உத்தரவு போட்டார்: கேட்காமல் போட்ட பாட்டுக்குப் பிடித்த காசை எல்லோருக்கும் திருப்பித் தர வேண்டும், இனிமேல் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

கூட்டம் விசிலடித்து அதே பாட்டை மறுபடியும் போடச் சொன்னது. சூசை மேனேஜரைப் பார்த்துப் பணிவாகக் கேட்டான்:

"போடலாமா சார்?"