கட்டில் காலில் கட்டிய கயிறு

இந்தக் கதை எனக்கு நேராகத் தெரிந்ததல்ல. வாழப்பாடிக்குப் போகும் மினி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது. அவருக்கு அவருடைய மச்சான் சொன்னாராம். மச்சானுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"அதெல்லாமா தம்பி கேப்பாங்க?" என்றார்.

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

*

"அம்மா, நரி முகத்துல முழிக்கிறது எப்படி?" என்று கேட்டார் இருசப்பன்.

"கண்ணைத் திறந்துதான்" என்றார் தெய்வானையம்மா.

குன்றின் அடியில் ஒரு சின்ன மடம். தெய்வானையம்மாதான் அங்கே குரு. வயது முப்பத்தைந்து இருக்கும். சீடர் இருசப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணா என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் நரி முகத்தில் விழித்தால் நல்லது என்பார்கள். ஒருவருக்கு நினைத்த காரியம் நடந்துவிட்டால், "என்னப்பா, நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்பார்கள். பொங்கல் முடிந்ததும் நரியை வலைபோட்டுப் பிடித்து, கோயிலைச் சுற்றி ஓடவிட்டு, ஊரே முகம் பார்த்த பிறகு காட்டில் விடுகிற வழக்கம்கூட இருந்தது. இப்போது வனத்துறை அதற்கு அனுமதிப்பதில்லை.

இருசப்பனுக்கு வலை தேவைப்படவில்லை. அவர் வீடு ஊரைவிட்டுத் தள்ளி, சோளக்காட்டுக்குள் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கரட்டு மேடு. அந்த மேட்டில் ஒரு நரி வளை தோண்டியிருந்தது.

"நரி உங்க வீட்டுக்குப் பின்னாலயே குடியிருக்கு. அப்புறம் என்ன அண்ணா?"

"குடியிருக்கும்மா. ஆனா கண்ணைத் திறந்ததும் அதுதான் முதல்ல படணும். போன வெள்ளிக்கிழமை எருமை முகத்துல முழிச்சேன். அதுக்கு முந்தி ஒரு நாள் என் முகத்துலயே முழிச்சேன். கண்ணாடி எதிர் சுவத்துல மாட்டியிருக்கு."

"முழிச்சு என்ன ஆகணும்?"

இருசப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பூவாயி திரும்பி வரணும்."

*

பூவாயி அவர் மனைவி. தாய்வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது.

பூவாயிக்குக் கோழிகள் உண்டு. கோழிக்கூட்டின் கதவு கழன்று விழுந்துவிட்டது. சரிபண்ணிக் கொடுங்கள் என்று பூவாயி சொன்னார். நாளைக்கு என்று இருசப்பன் சொன்னார். மறுநாளும் அவர் சொன்னார், இவரும் சொன்னார்.

நரி ஒரு வெடைக்கோழியைத் தூக்கியது. அப்புறம் ஒரு சேவல்.

"அந்த வளையை அடைங்க. இல்ல, இந்தக் கதவை மாட்டுங்க. ரெண்டுல ஒண்ணாச்சும் செய்ங்க" என்றார் பூவாயி.

"நரி குடியிருக்கிற வீடு நாலு ஊருல உண்டா? நமக்குன்னு தேடி வந்திருக்கு. பேசாம இரு" என்றார் இருசப்பன்.

கடைசியில் கருங்கோழி போயிற்று. அது அடையில் உட்கார்ந்திருந்த கோழி. முட்டைகள் அப்படியே கிடந்தன. பூவாயி ஒரு முட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் சூடு ஆறுகிறவரை உட்கார்ந்திருந்தார்.

அப்போது இருசப்பன் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார்.

"விடு பூவு. நரி நம்ம வீட்டுல கை நனைச்சிருச்சு. இனி அது நமக்குச் சொந்தம்" என்றார்.

பூவாயி எழுந்தார். பையை எடுத்தார். பஸ் ஏறிவிட்டார்.

*

"போய்க் கூப்பிட்டீங்களா அண்ணா?"

"எத்தனை தடவைங்கறீங்க! வாசல்லயே நிறுத்தித் தண்ணி குடுத்து அனுப்பிடறா. போற அன்னைக்கெல்லாம் முழிக்கிற முகம் சரியில்ல. அதான் பலிக்க மாட்டேங்குது."

தெய்வானையம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஒரு யோசனை இருக்கும்மா. வலையைப் போட்டு அதைப் பிடிச்சு, கட்டில் பக்கத்துலயே கட்டிப் போட்டுட்டா? தினமும் கண்ணைத் திறந்தா நேரா முகம்தான்."

"துண்டைக் கொடுங்க" என்றார் தெய்வானையம்மா.

இருசப்பன் கொடுத்தார்.

அம்மா அந்தத் துண்டாலேயே அவர் கையை மடத்துத் தூணோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தாளிக்கிற வாசனை வந்தது. மற்றவர்கள் வந்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர் போகும்போது, "என்ன இருசப்பா, புது விரதமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இருசப்பன் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. அதைத் துரத்தக் கட்டாத கை இருந்தது. ஆனால் அது துண்டின் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

பந்தி முடிந்து தெய்வானையம்மா வந்தார். எதிரில் உட்கார்ந்தார். முகத்தை நன்றாகக் காட்டினார்.

"என் முகத்தைப் பாருங்க அண்ணா. லட்சணமா இருக்கா?"

"அவுத்து விடுங்கம்மா."

"முகத்தைப் பத்திக் கேட்டேன்."

"அம்மா, பசிக்குது. அவுத்து விடுங்க."

அம்மா அவிழ்த்துவிட்டார். சோறும் கீரையும் போட்டார். இருசப்பன் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

"சரிம்மா. கட்ட மாட்டேன்" என்றார் கை கழுவும்போது. "நானே அதுகிட்டப் போறேன்."

தெய்வானையம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இருசப்பன் வேகமாகப் போய்விட்டார்.

*

வீட்டில் பழைய கிணற்றுக் கயிறு ஒன்று சும்மா கிடந்தது. இருசப்பன் அதன் ஒரு முனையை வாசலில் கிடந்த கட்டில் காலில் கட்டினார். அப்படியே இழுத்துக்கொண்டு கோழிக்கூட்டைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, மேட்டுக்குப் போனார். அங்கே ஒரு முளை அடித்து மறுமுனையைக் கட்டினார்.

விஷயம் இதுதான். தூக்கம் கலைந்தாலும் கண்ணைத் திறக்கக் கூடாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். முளை கையில் தட்டுப்பட்டதும் கண்ணைத் திறக்க வேண்டும்.

முதல் நாள் வேப்பமரத்தில் முட்டிக்கொண்டார். கண் தானாகத் திறந்துகொண்டது. அன்றைக்கு வேப்பமரத்தில்தான் விழித்தார்.

அடுத்த நாள் பாதி வழியில் பால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"அண்ணா! அண்ணோவ்! கண்ணுல என்னாச்சு?"

"போய்யா, பேசாத."

"பூச்சி கீச்சி விழுந்திருச்சா? ஊதி விடட்டுமா?"

"ஒண்ணுமில்லைய்யா, நீ போ!"

பால்காரர் நல்ல மனிதர். சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து, இரண்டு விரலால் இருசப்பனின் இமையைப் பிரித்து ஊதினார். அன்றைக்குப் பால்காரர் முகம்.

அப்புறம் ஒரு நாள் எல்லாம் சரியாக அமைந்தது. மரம் முட்டவில்லை. பால்காரர் வரவில்லை. முளை கையில் தட்டுப்பட்டது. இருசப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

எதிரே நரி.

*

இருசப்பன் முகம்கூடக் கழுவவில்லை. வேட்டி முழுக்க நாயுருவி ஒட்டியிருக்க, அப்படியே முதல் பஸ்ஸில் ஏறி மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பூவு! நரி முகத்துல முழிச்சிட்டேன். கிளம்பு!"

பூவாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"எப்படி முழிச்சீங்க?"

இருசப்பன் கயிற்றைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். வேப்பமரத்தையும் சொன்னார், பால்காரரையும் சொன்னார். திண்டுக்கல் பூட்டைத் திறந்தவர் போலச் சொன்னார். உள்ளேயிருந்து மாமியார் சிரிக்கிற சத்தம் கேட்டது.

பூவாயி சிரிக்கவில்லை.

"துணி காயப்போட ஒரு கயிறு கட்டிக் கொடுங்கன்னு கேட்டேன். வேலி முள்ளுல போட்டுப் போட்டு இருக்கிற சேலையெல்லாம் கிழிஞ்சிருச்சு. எத்தனை வருசமா கேட்டேன்?"

இருசப்பன் தண்ணீரைக் குடித்தார்.

"நரிக்குக் கட்டியிருக்கீங்க. போங்க, போய் அதோடயே குடும்பம் நடத்துங்க."

சொம்பை வாங்கிக்கொண்டு பூவாயி உள்ளே போய்விட்டார்.

*

"எல்லாம் பொய்!" என்றார் இருசப்பன். அங்கிருந்து நேராக மடத்துக்கு வந்திருந்தார். "நரி முகமும் பொய், நல்லதும் பொய். ஊரே சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கு. முழிச்சேனே! ரெண்டு கண்ணாலயும் பார்த்தேனே! ஏன்மா பலிக்கலை?"

தெய்வானையம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

"நரி என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"தூங்கிட்டு இருந்துச்சு. வளைக்கு வெளிய, இளவெயில்ல. நாலு குட்டி இருக்கும். எல்லாம் அது வயித்துல சுருண்டு கிடந்துச்சு."

"நீங்க போனதும்?"

"முழிச்சுது."

"முழிச்சு?"

"என்னைப் பார்த்துச்சு. இவ்வளவு கிட்டத்துல. அது மூச்சு என் கால்ல பட்டுதும்மா."

"அப்புறம்?"

"பதறிப் போச்சு. குட்டியெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து வளைக்குள்ள ஓடுச்சு. ஒண்ணு மட்டும் வழி தெரியாம நின்னு கத்துச்சு. அதை வாயில கவ்விக்கிட்டுக் கரட்டு மேல ஏறி ஓடிச்சு. மத்தியானம்வரைக்கும் திரும்பலையாம், அந்தப் பக்கம் போயிட்டு வந்த பால்காரன் பஸ் ஸ்டாப்புல சொன்னான்."

விளக்குமாறு நின்றது.

"அடப் பாவமே" என்றார் தெய்வானையம்மா. "காலங்காத்தால அது யார் முகத்துல முழிச்சுச்சோ!"

இருசப்பன் பெருக்கின வாசலைப் பார்த்தார். பிறகு மடத்துத் தூணைப் பார்த்தார். அப்புறம், யாரும் ஒன்றும் சொல்லாமலேயே, மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆயிற்று. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருபத்தெட்டு வருசம்மா" என்றார்.

"என்னது அண்ணா?"

"அவ தினமும் முழிச்ச முகம்."

தெய்வானையம்மா மறுபடி பெருக்க ஆரம்பித்தார். இருசப்பன் கிளம்பினார். வாசல்வரை போனவர் நின்றார்.

"எங்க அண்ணா? மறுபடியும் அண்ணி ஊருக்கா?"

"இல்லம்மா, வீட்டுக்கு" என்றார் இருசப்பன். "மடத்துல ஒரு சுத்தியல் இருக்குமா?"

*

பஸ்ஸில் சொன்னவர் இதோடு நிறுத்திவிட்டார்.

"அந்தப் பூவாயி திரும்பி வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"அது தெரியாதுங்க. என் ஸ்டாப் வந்துருச்சு" என்று இறங்கிப் போய்விட்டார்.

தெரியாததை எழுத எனக்குப் பயம். எழுதாமல் விடவும் மனம் வரவில்லை. அதனால் போன மாதம் கேட்டுக் கேட்டு அந்தச் சோளக்காட்டைக் கண்டுபிடித்துப் போனேன். முதல் பஸ். வீட்டில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை.

கோழிக்கூட்டுக்குக் கதவு இருந்தது. கயிறும் இருந்தது. ஆனால் அது கட்டில் காலில் இல்லை, மேடு வரைக்கும் போகவும் இல்லை. வேப்பமரத்திலிருந்து கூட்டுக் கம்பம் வரை தலை உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு வேட்டியும், பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு சேலையும் பனியில் நனைந்து தொங்கின.

மேட்டில் வளை தெரிந்தது. வாயில் புதிதாகத் தோண்டிய மண் கிடந்தது. உள்ளே நரி இருக்கிறதா என்பதையும் சரிபார்த்திருக்கலாம்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நான் கிட்டே போகவில்லை.