வெரல் கல்லு வர்ற வரைக்கும்

ணங்... ணங்... ணங்...

கேக்குதா? கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, பூமிக்கு அடியிலேருந்து வருது, ம் கொட்டிக்கிட்டே கேளு. ணங்... ணங்...

ம்.

ஒரு ஊர்ல ஒரு குழி. கிணறுன்னு சொல்ல வாய் வரல, ஏன்னா அதுல தண்ணி இல்ல. ஊருக்குப் பேரு கரம்பக்காடு. குழிக்குள்ள கொளஞ்சின்னு ஒரு ஆளு கடப்பாறையால கல்ல ஒடச்சுக்கிட்டு இருந்தான். ஒடச்சத மேல இழுத்து, கூடை கூடையாக் கொண்டுபோயிக் கொட்டுறது அங்காயி. கிரீச்சுன்னு உருளை சுத்தும், சொத்துன்னு மண்ணு விழும்.

ஊர் ஏரி வத்திப் போச்சு. அமாவாசைக்குள்ள இந்தக் குழியில தண்ணி வரலேன்னா வண்டி கட்டிக்கிட்டு ஊரையே காலி பண்றதுன்னு பேசி முடிச்சுட்டாங்க. எல்லாரும் போயிடலாம், அங்காயியோட மாமியா போக முடியாது. கெழவி இடுப்பு ஒடஞ்சு படுக்கையில கெடந்தா. வண்டி குலுங்குனா உசுரு நிக்காது.

"என்னைய இங்கயே போட்டுட்டுக் கெளம்புங்கடி. பேச்சுத் தொணைக்குக் காக்கா இருக்கு"ன்னா கெழவி.

அங்காயி கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

ம்.

ஓடைக்கு அந்தாண்ட ஊத்துப்பட்டி. அங்க ஒரு கிணறு, எளநி மாதிரி தண்ணி, ஆனா ரெண்டு ஊருக்குக் காணாது. கொளஞ்சி அங்க போயி, "எந்தக் கல்லுக்குக் கீழ தண்ணி கண்டீங்க?"ன்னு கேட்டான். "செவப்புக் கல்லு"ன்னாங்க. கிணறு வெட்டுறவங்க நெறத்தப் பாத்துத்தான் மண்ணப் பேசுவாங்க, அது அவங்க பழக்கம். வந்து வெட்டுனான். ணங், ணங். சீக்கிரமே செவப்புக் கல்லு வந்துது. ஊரே கூடி நின்னு எட்டிப் பாத்துது. செவப்பத் தாண்டினான். கீழ வெள்ளக் கல்லு, ஒரு சொட்டு ஈரம் இல்ல.

அது மொத தடவ.

அப்புறம் அங்காயி ஊத்துப்பட்டிக்குத் தண்ணி எடுக்கப் போனா. கிணத்துப் பக்கத்துல, அந்தக் காலத்துல வெட்டிக் கொட்டுன மண்ணு மேடா நின்னுது. மழ ஒரு பக்கத்த அறுத்து விட்டதுல உள்ள அடுக்கடுக்காத் தெரிஞ்சுது. உச்சியில செவப்புக் கல்லு, அதுல வெரல் வெரலா ஏதோ. நடுவுல ஆட்டுக் கொம்பாட்டம் சுருண்ட சுருட்டை. எல்லாத்துக்கும் அடியில மஞ்சக் கல்லு, அதுல சிப்பி. அத்தனையும் எப்பவோ செத்துக் கல்லாப் போன பூச்சிங்க.

குடத்த வச்சுட்டு நேரா குழிக்கு வந்தா.

"அண்ணே, நெறத்த விடு. அங்க மஞ்சக் கல்லுல இருக்கிற அதே சிப்பி நம்ம வெள்ளக் கல்லுல இருக்கு. அதே வரி, அதே முதுகு. கல்லுதான் வேற சட்ட போட்டிருக்கு."

"சிப்பி தண்ணி குடுக்குமா தங்கச்சி? ஏன், கொழம்பு வைக்கப் போறியா?"

"அந்த மேட்டுல செவப்பு ஆரம்பந்தான். கடைசி அடுக்கு சிப்பி. சிப்பியத் தாண்டுனா தண்ணி."

வெட்டுனான். சிப்பி முடிஞ்சுது. பச்சக் கல்லு வந்துது, அதுல சுருட்டை. தண்ணி வரல.

"உன் பூச்சி சோசியமும் பொய்யாப் போச்சு"ன்னு கொளஞ்சி கடப்பாறையப் போட்டுட்டு ஏறி வந்துட்டான். ணங் நின்னுபோச்சு.

ரெண்டாவது தடவையும் போச்சு. தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்போ ஊர்ல வண்டி கட்ட ஆரம்பிச்சாங்க. அங்காயியும் மொடாப் பானையில இருந்த கம்புத் தானியத்தப் படியால அள்ளி அள்ளிச் சாக்குல போட்டா. சலசல, சலசல. கெழவி படுத்தபடியே பாத்துக்கிட்டு இருந்தா.

"ஏண்டி, வண்டு புடிச்ச பழங்கம்ப மேல போட்டு வச்சிருக்க? பாக்கிறவன் சிரிக்கவா?"

"நானா போட்டேன் அத்தே? மொடாவுல அதுதான் அடியில கெடந்துது. மேல இருந்த புதுசு மொதல்ல போயிச் சாக்குக்கு அடியில..."

அள்ளுன படி பாதியில நின்னுது.

மேல இருந்தது அடியில. அடியில இருந்தது மேல. அப்போ அந்த மேடு? மொதல்ல வெட்டிக் கொட்டுனது சிப்பி, அதான் அடியில கெடக்கு. கடைசியா வெட்டுனது வெரல் கல்லு, அதான் உச்சியில. தெனம் மண்ணு கொட்டுறவ, அவளுக்கே தோணலயே!

படியப் போட்டுட்டு ஓடுனா. தடதட தடதட.

"அண்ணே, எறங்கு! மேட்டத் தலகீழாப் பாத்துட்டேன். சிப்பிக்குக் கீழ சுருட்டை, சுருட்டைக்குக் கீழ வெரலு. நமக்கு வெரலு இன்னும் வரல."

"காளையப் பூட்டியாச்சு தங்கச்சி."

"அவுத்து விடு."

"வெரலு இங்கயும் இருக்குன்னு உங்கிட்ட யாரு சொன்னா?"

"சிப்பி வந்துது, சுருட்டை வந்துது. ரெண்டும் அதே வரிசையில வந்துதுல்ல?"

ரொம்ப ரொம்ப முன்னாடி அந்த ரெண்டு ஊரும் இல்ல, நடுவுல ஓடையும் இல்ல. எல்லாம் ஒரே கடலு. மொதல்ல வெரலாட்டம் ஒரு பூச்சி நீந்திக்கிட்டு இருந்துது. செத்துச் சேத்துல அமுந்துச்சு. அப்புறம் அது இல்ல, சுருட்டை. அப்புறம் சுருட்டையும் இல்ல, சிப்பி. போனது எதுவும் திரும்பி வரல. சேறு எடத்துக்கு ஒரு நெறமா எறுகும், உள்ள செத்தது மட்டும் அதோட காலத்த மாத்திச் சொல்லாது. அங்காயிக்கு இவ்வளவெல்லாம் தெரியாது. வரிச தெரியும், அவ்வளவுதான்.

ம்...

கொளஞ்சி மொணகிக்கிட்டே எறங்குனான். ணங். ணங். பச்ச முடிஞ்சு கரியாட்டம் கறுப்புக் கல்லு. செவப்பு மருந்துக்குக் கூட இல்ல. கூடை மேல வந்துது. அங்காயி கைய விட்டுத் துழாவுனா. வெரல் நீளம், நுனி கூரா, ஒண்ணு.

"வந்துருச்சுண்ணே! நிறுத்தாத!"

ணங். ணங். அப்புறம் ணங் இல்ல. சொதக். சொதக்.

"தங்கச்சி, கயித்த விடு! காலு நனையுது!"

குளுக்... குளுக்... குளுக்...

காளைய அவுத்து விட்டாங்க. அங்காயி ஒரு சொம்பு மொண்டுக்கிட்டுப் போயி மாமியா வாயில வச்சா. கெழவி முழுசும் குடிச்சுட்டு, "சேறா இருக்கு"ன்னா. சொம்பத் திருப்பிக் குடுத்துட்டு, "அப்போ போகலையா?"ன்னா.

"போகல அத்தே."

அங்காயி சாக்குக்கிட்ட குந்துனா. படிய எடுத்தா. கம்ப அள்ளித் திரும்ப மொடாவுல போட்டா.

ம் வரலயே. சரி, தூங்கு. கத அடியில போச்சு, தூக்கம் மேல வந்துது.

பழங்கம்பு மொதல்ல, புதுக்கம்பு அதுமேல. சலசல... சலசல...